ஷாஃப்ட் டிரைவ் பைக்குக்கு எந்த கிரீஸ்? ஸ்ப்ளைன் முதல் பேரிங் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஷாஃப்ட் டிரைவ் பைக் (செயினுக்குப் பதிலாகச் சுற்றும் தண்டு வழியாகப் பின்சக்கரத்துக்குச் சக்தி போகும் பைக்) என்றாலே "செயின் இல்லை, வேலையும் இல்லை" என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதிதான் உண்மை. செயினுக்கு ஸ்ப்ரே அடிக்க வேண்டாம், தொய்வு பார்க்க வேண்டாம், ஸ்ப்ராக்கெட் செட் மாற்ற வேண்டாம். ஆனால் இன்ஜினிலிருந்து பின்சக்கரம் வரை சக்தி போகிற வழியில் இரும்போடு இரும்பு உரசுகிற இடங்கள் பல இருக்கின்றன. எல்லாம் மூடிக் கிடப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். செயின் காய்ந்தால் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். ஷாஃப்டின் பற்கள் காய்ந்தால் சத்தமே இல்லாமல் தேய்ந்துகொண்டே போகும். ஒருநாள் கிளட்ச்சை விட்டால் இன்ஜின் மட்டும் உறுமும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

நம் ஊரில் ஷாஃப்ட் பைக்குகள் குறைவு. கோல்ட் விங், பிஎம்டபிள்யூ ஆர் வரிசை ஜிஎஸ், ட்ரையம்ஃப் ராக்கெட் 3, சுசுகி இன்ட்ரூடர் எம்1800ஆர், மோட்டோ குஸ்ஸி வி85 டிடி என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் இந்த வேலை பழகிய மெக்கானிக்குகளும் குறைவு. கடையில் போய் "ஷாஃப்ட் கிரீஸ்" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு டப்பா ஏபி3 அல்லது எம்பி3 கைக்கு வரும். லாரி வீல் பேரிங்குக்கு அது அருமையான கிரீஸ். உங்கள் ஸ்ப்ளைனுக்கு (ஷாஃப்டை இணைக்கும் பற்களுக்கு) அது போதாது.

ஏன் போதாது என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. ஷாஃப்ட் பைக்குக்கென்று ஒரே ஒரு கிரீஸ் கிடையாது. எந்த இடத்தில் என்ன மாதிரி உரசல் நடக்கிறது என்று தெரிந்தால் எதைப் பூசுவது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

முதல் படி: உங்கள் வண்டியில் என்னென்ன இருக்கிறது?

சக்தி போகும் வழியை முன்னாலிருந்து பின்னால் பார்ப்போம். கியர்பாக்ஸின் வெளிவரும் தண்டு, அதை அடுத்து தண்டை மடங்கியபடி சுற்றவிடும் யூ-ஜாயின்ட் (லாரி மெக்கானிக் பாஷையில் ஜாயின்ட் கிராஸ்), அதற்குப் பின் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்குள் ஓடும் ஷாஃப்ட், ஷாஃப்டின் முனை போய்ச் செருகும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், பினியனும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் இருக்கும் ஃபைனல் டிரைவ் பெட்டி, கடைசியாகப் பின்சக்கரம்.

இதில் ஃபைனல் டிரைவ் பெட்டிக்குள் கிரீஸுக்கு வேலையே இல்லை. அங்கே இருப்பது ஹைபாய்ட் கியர் ஆயில். ஜிஎல்-5 தரம், வண்டியைப் பொறுத்து 80டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-90. பெரும்பாலான பைக்குகளில் அளவு கால் லிட்டருக்கும் குறைவு. இந்தப் பெட்டியில் கிரீஸ் அடைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. ஆயில் தெறித்து, சுற்றி வந்து, வெப்பத்தை எடுத்துப் போக வேண்டிய இடம் அது. கிரீஸ் பல்லிலிருந்து விலகி ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் பல் வெறுமையாக ஓடும்.

யூ-ஜாயின்ட்டிலும் வீல் பேரிங்கிலும் உருளைகளோ குண்டுகளோ உருள்கின்றன. அங்கே சாதாரண லித்தியம் கிரீஸ் வேலை செய்யும்.

மீதி இருப்பவை ஸ்ப்ளைன்கள், அதாவது ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கும் நீளவாட்டுப் பற்கள். ஷாஃப்ட் முனையில் உண்டு. ஜப்பானிய பைக்குகளில் பின்சக்கர ஹப்புக்கும் ஃபைனல் டிரைவுக்கும் நடுவிலும் உண்டு. பிஎம்டபிள்யூ கே75, கே100, ஆர்1100, ஆர்1150 போன்றவற்றில் கிளட்ச்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலும் ஒன்று இருக்கும். தொல்லை கொடுப்பதெல்லாம் இந்த ஸ்ப்ளைன்கள்தான்.

வண்டிக்கு வண்டி வித்தியாசம் உண்டு என்பதால் மேனுவலைப் பார்க்காமல் எதையும் கழற்றாதீர்கள். இரட்டை ஷாக் அப்சார்பர் வைத்த பழைய பிஎம்டபிள்யூ ஏர்ஹெட் (காற்றில் குளிரும் இன்ஜின்) பைக்குகளில் ஸ்விங் ஆர்ம் குழாய்க்குள் ஷாஃப்ட் ஆயிலிலேயே மூழ்கி ஓடும். 1987-இல் வந்த பாராலீவர் என்ற பின் ஸ்விங் ஆர்ம் அமைப்பில் ஷாஃப்ட் காய்ந்த குழாய்க்குள் ஓடுகிறது, முனையிலுள்ள ஸ்ப்ளைனுக்கு நாம் பூசுவதுதான் எல்லாம். ஒரே கம்பெனி, ஒரே வரிசை, ஆனால் பராமரிப்பு நேர் எதிர்.

இரண்டாம் படி: ஸ்ப்ளைனில் நடப்பது என்ன?

பேரிங்கில் உருளை வேகமாக உருளும்போது எண்ணெய்ப் படலம் ஒன்று உருவாகி, இரண்டு இரும்புப் பரப்புகளையும் தொடவிடாமல் பிரித்து வைக்கும். வேகம் இருந்தால்தான் அந்தப் படலம் உருவாகும்.

ஸ்ப்ளைனில் அந்த வேகம் இல்லை. ஷாஃப்ட் சுற்றுகிறது என்னவோ உண்மை. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பின்சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 830 சுற்று சுற்றும். ஷாஃப்ட் அதைப்போல இரண்டரை, மூன்று மடங்கு சுற்றும். ஆனால் ஒரு பல்லுக்கும் அதன் ஜோடிப் பல்லுக்கும் நடுவில் இருக்கும் அசைவு மிக மிகச் சிறியது. சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது கொஞ்சம் முன்னும் பின்னும் நகரும். ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போதும் விடும்போதும் கொஞ்சம் அதிரும். ஆனால் அழுத்தமோ மிக அதிகம், இன்ஜினின் மொத்த டார்க்கும் (திருகுவிசையும்) அந்தப் பற்களின் வழியாகத்தான் போகிறது.

வேகம் இல்லை, அழுத்தம் அதிகம், அசைவு நுண்ணியது. இந்த நிலையில் எண்ணெய் பிதுங்கி வெளியே போய்விடும். இரும்பு இரும்பைத் தொட்டு, நுண்ணிய துகள்களாக உதிரும். உதிர்ந்த துகள் காற்றில் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடக் கடினமான பொடி. அதுவே அரத்தூளாக நின்று மீதிப் பல்லையும் அரைக்கும். கழற்றிப் பார்த்தால் ஸ்ப்ளைன் பள்ளங்களில் செங்காவி நிறத்தில் காய்ந்த மாவு மாதிரி அப்பியிருக்கும். அதைப் பார்த்து "மண் போயிருக்கு" என்று துடைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது வெளியே இருந்து வந்த மண் இல்லை, உங்கள் ஸ்ப்ளைனே உதிர்ந்த பொடி. விரலில் தேய்த்துப் பார்த்தால் முகப்பவுடர்போல வழுவழுவென்று இருக்கும். சாலை மண் நறநறக்கும்.

இந்த இடத்துக்குத்தான் மாலிப்டினம் டைசல்ஃபைடு, சுருக்கமாக மாலி. இது எண்ணெய் இல்லை, கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும் திடப் பொருள். மாலிப்டினம் அணுக்களின் ஒரு அடுக்கு, அதற்கு மேலும் கீழும் கந்தக அடுக்குகள், இப்படித் தகடு தகடாக அமைந்தது. ஒரு தகடுக்கும் அடுத்த தகடுக்கும் உள்ள பிணைப்பு பலவீனமானது, அதனால் சுலபமாக வழுக்கும். எண்ணெய் முழுவதும் பிதுங்கி ஓடிவிட்டாலும் இந்தத் தகடுகள் பல்லின் முகத்தில் அப்பிக்கொண்டு நிற்கும்.

மூன்றாம் படி: டப்பாவில் எதைப் படிக்க வேண்டும்?

எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். டப்பாவில் "மாலி" என்று போட்டிருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். எவ்வளவு மாலி என்பதுதான் கேள்வி.

ஹோண்டாவின் பழைய சர்வீஸ் மேனுவல்களில் முதல் சில பக்கங்களுக்குள் ஒரு குறியீட்டுப் பட்டியல் இருக்கும். அதில் மாலிக்கு இரண்டு தனித்தனிக் குறியீடுகள். ஒன்று மாலி கிரீஸ்: 3 சதவீதத்துக்கு மேல் மாலி, கெட்டித்தன்மை என்எல்ஜிஐ 2, உதாரணத்துக்கு மாலிகோட் பிஆர்-2 பிளஸ். இன்னொன்று மாலி பேஸ்ட்: 40 சதவீதத்துக்கு மேல் மாலி, உதாரணத்துக்கு மாலிகோட் ஜி-என் பேஸ்ட், ரோகோல் ஏஎஸ்பி, அமெரிக்காவில் ஹோண்டா மாலி 60. மூன்று எங்கே, நாற்பது எங்கே! ஸ்ப்ளைன் படத்துக்குப் பக்கத்தில் பேஸ்ட்டின் குறியீடு போட்டிருந்தால், கடையில் 3 சதவீத மாலி கிரீஸை வாங்கி வந்து பூசிவிட்டு "மேனுவல் சொன்னதைத்தான் செய்தேன்" என்று சொல்ல முடியாது.

எல்லாக் கம்பெனிகளும் பேஸ்ட்தான் வேண்டும் என்று கேட்பதில்லை. சில மேனுவல்களில் ஸ்ப்ளைனுக்கே சாதாரண லித்தியம் கிரீஸ் போதும் என்று இருக்கும். பிஎம்டபிள்யூ கே வரிசைக்கு க்ளூபர் கம்பெனியின் ஸ்டாபுராக்ஸ் என்பியு 30 பிடிஎம் என்ற பேஸ்ட்டைச் சொன்னார்கள். மேனுவல் ஒரு பெயரைச் சொன்னால் அதையே தேடுங்கள், கிடைக்காவிட்டால் அதே தன்மையுள்ளதை எடுங்கள். வெறும் லித்தியம் கிரீஸ் என்று போட்டிருக்கும் வண்டிக்கு மாலி பேஸ்ட் பூசுவது தேவைக்கு மேலான பாதுகாப்பு, கெடுதல் இல்லை. பேஸ்ட் கேட்கும் வண்டிக்கு லித்தியம் மட்டும் பூசுவதுதான் கெடுதல்.

டப்பாவிலோ அதன் தொழில்நுட்பத் தாளிலோ பார்க்க வேண்டியவை இவை.

மாலி சதவீதம். எண் எதுவும் போடாமல் "மாலி கலந்தது" என்று மட்டும் இருந்தால் 3 சதவீதம் அல்லது அதற்கும் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். கிராஃபைட் கிரீஸும் இதே கறுப்புதான்.

என்எல்ஜிஐ எண். கிரீஸ் எவ்வளவு கெட்டி என்பதற்கான அளவு இது, தரத்துக்கான மதிப்பெண் இல்லை. 000-இல் தொடங்கி 6 வரை போகும். 25 டிகிரி வெப்பத்தில், பிசைந்த கிரீஸில் ஒரு கூம்பை விட்டு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பார்கள். 26.5 முதல் 29.5 மி.மீ. வரை இறங்கினால் அது 2-ஆம் எண். பைக்கில் கிரீஸ் கேட்கும் ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் 2 சரி. 1-க்குக் கீழே போனால் சுற்றுகிற ஸ்ப்ளைனிலிருந்து வெளியே வீசியெறியப்படும்.

கெட்டியாக்கி வகை, அதாவது எண்ணெயைப் பிடித்து வைக்கும் பொருள். லித்தியம், லித்தியம் காம்ப்ளெக்ஸ், கால்சியம் சல்ஃபோனேட், பாலியூரியா, பெண்டோனைட் களிமண் என்று பல உண்டு. சாதாரண லித்தியம் உருகிச் சொட்டும் வெப்பம் 180 முதல் 200 டிகிரி வரை, காம்ப்ளெக்ஸ் வகையில் அது 260-ஐத் தொடும். ஸ்ப்ளைன் அவ்வளவு சூடாகாது என்பதால் இந்த எண்ணை வைத்து மட்டும் காசைக் கொட்ட வேண்டாம். தண்ணீரைத் தாங்குவதுதான் முக்கியம், அதில் கால்சியம் சல்ஃபோனேட் கெட்டிக்காரன்.

பழைய கிரீஸ் எது என்று தெரியாமல் மேலேயே புதியதைப் பூசாதீர்கள். லித்தியமும் பெண்டோனைட்டும் கலந்தால், அல்லது லித்தியமும் பாலியூரியாவும் கலந்தால், பல சமயம் இளகிக் கூழாகி வழிந்துவிடும். முழுக்கத் துடைத்துவிட்டுப் புதியதைப் பூசினால் இந்தக் கவலையே இல்லை.

நான்காம் படி: எதை வாங்குவது, எதை விடுவது?

ஸ்ப்ளைனுக்கு என் தேர்வு 60 சதவீதத்தை ஒட்டிய மாலி பேஸ்ட். ஹோண்டா மாலி 60-க்குப் பிறகு அவர்களே எம்-77 என்ற அசெம்பிளி பேஸ்ட்டைக் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் இவற்றைத் தேடி அலைவதைவிட, தொழிற்சாலைகளுக்கு விற்கும் பேஸ்ட்டுகளைப் பார்ப்பது சுலபம். மாலிகோட், லாக்டைட் இரண்டுமே மாலி பேஸ்ட் விற்கின்றன. பைக் உதிரிபாகக் கடையில் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். பேரிங் விற்கிற கடையிலோ தொழிற்சாலைச் சாமான் விற்கிற இடத்திலோ கேளுங்கள், இல்லையென்றால் இணையத்தில் வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் ஒரு தடவைக்குச் சில கிராம் போதும், ஒரு சின்ன ட்யூப் வருடக்கணக்கில் வரும். நாளாகிப்போன ட்யூபில் எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே நிற்கும். அதை வடித்துக் கொட்டாமல் குச்சியால் கிளறிக் கலந்து பயன்படுத்துங்கள்.

மாலி பேஸ்ட் தண்ணீரில் கழுவிப் போகிறது என்று சிலர் அதைப் படகு டிரெய்லர் கிரீஸோடு பாதிக்குப் பாதி கலந்து பூசுகிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் 60 சதவீதப் பேஸ்ட்டில் சம எடை கிரீஸ் சேர்த்தால் மாலி 30-க்கு இறங்கிவிடுகிறது, ஹோண்டா கேட்கும் 40-க்கும் கீழே. தண்ணீர்தான் பிரச்சினை என்றால் ஓ-ரிங்கைப் பாருங்கள். ஓ-ரிங் செய்ய வேண்டிய காவல் வேலையைக் கிரீஸ் தலையில் கட்டுவது சரியல்ல.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். தாமிர ஆன்டி-சீஸ் (இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பூச்சு) அசையாத திருகுகளுக்கு: சைலன்சர் போல்ட், ஸ்பார்க் பிளக் மாதிரி. உரசும் பல்லுக்கு அது இல்லை. சிலிக்கான் கிரீஸ் ரப்பருக்கு நல்லது, அழுத்தத்தில் உரசும் இரும்புக்குப் பயன்படாது. ஸ்ப்ரேயில் வரும் வெள்ளை லித்தியம் கதவுக் கீலுக்குச் சரி, ஸ்ப்ளைனில் நாலு நாளில் வீசியெறியப்படும். கிராஃபைட் கிரீஸும் வேண்டாம். ஈரம் சேர்ந்தால் அலுமினியத்தை அரிக்கும், பின் ஹப் பெரும்பாலும் அலுமினியம்.

ஐந்தாம் படி: வேலையில் இறங்கலாம்

பின்டயர் மாற்றும் நாள்தான் இதற்கு உகந்த நாள். எப்படியும் சக்கரம் கழன்றுவிடும். பஞ்சர் கடையில் விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். சக்கரம் கழன்று கிடக்கும் இருபது நிமிடம் இந்த வேலைக்குப் போதும்.

சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதில் நிறுத்துங்கள். கோல்ட் விங் மாதிரி 350 கிலோவைத் தாண்டிய வண்டியைத் தனியாளாக ஜாக்கியில் ஏற்ற வேண்டாம். கழற்றும் முன் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் எல்லா வண்டியிலும் இருக்கும். கடைசியில் ஒப்பிட இது உதவும்.

ஆக்சிலை உருவிச் சக்கரத்தை ஃபைனல் டிரைவிலிருந்து நகர்த்தியதும் இரண்டு பக்க ஸ்ப்ளைனும் தெரியும். துடைக்காமல் முதலில் பாருங்கள். கறுப்பாக, ஈரமாக, எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தால் போன தடவை நன்றாகப் பூசியிருக்கிறார்கள். கறுப்புதான் ஆனால் காய்ந்து செதில் செதிலாக உதிர்கிறது என்றால் இடைவெளி நீண்டுவிட்டது. செங்காவிப் பொடி என்றால் தேய்மானம் தொடங்கிவிட்டது. பழுப்பாக, பால் கலந்த காபி நிறத்தில் கூழாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நிறைய எண்ணெய் வழிந்திருந்தால் ஃபைனல் டிரைவின் ஆயில் சீல் போயிருக்கலாம். அதைச் சரி செய்யாமல் பேஸ்ட் பூசினால் ஆயில் கழுவிக்கொண்டு போய்விடும்.

அப்புறம் சுத்தம். நைலான் பிரஷ்ஷும் டீசலும் போதும். பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயை ஓ-ரிங், ஆயில் சீல் பக்கம் காட்டாதீர்கள். ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்து எடுத்து, துணியால் துடையுங்கள். ஒர்க்‌ஷாப் காட்டன் வேஸ்ட்டில் நூல் பிரிந்து பல்லில் சிக்கும். பழைய பனியன் துணியைக் கிழித்து வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. ஈரம் முழுக்கக் காயும்வரை பொறுங்கள். பேஸ்ட்டுக்கு வெற்று இரும்பு வேண்டும், டீசல் படிந்த இரும்பில் ஒட்டாது.

சுத்தமான பல்லை இப்போது நகத்தால் தடவுங்கள். பல்லின் பக்கவாட்டில் படி மாதிரி ஒரு விளிம்பு நகத்தில் தட்டினால் தேய்ந்திருக்கிறது. புதுப் பல்லின் தலை தட்டையாக இருக்கும். அது கூர்மையாகி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் கிரீஸ் காப்பாற்றும் கட்டம் தாண்டிவிட்டது.

ஓ-ரிங்குகளை மாற்றுங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் சரி. ஹப்பின் ஸ்ப்ளைனைச் சுற்றித் தண்ணீரையும் மண்ணையும் தடுக்கிற ஒரே சுவர் அதுதான். தட்டையாகிப்போன ஓ-ரிங்கை மறுபடி போட்டு, அதற்குள் விலையுயர்ந்த பேஸ்ட் பூசுவதில் எந்த அர்த்தமும் இல்லை. வாட்டர் வாஷுக்கு விடும்போதும், பம்ப் முனையை ஹப்பின் நடுவில் நேராகக் காட்ட வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிடுங்கள்.

பேஸ்ட் பூசச் சின்னக் கட்டைப் பிரஷ் ஒன்று வேண்டும். ஒவ்வொரு பல்லின் இரண்டு பக்க முகத்திலும் அழுத்தித் தேயுங்கள். மேலே அப்பி வைப்பதல்ல, இரும்பே கருஞ்சாம்பல் நிறமாகும்படி தேய்த்து ஏற்ற வேண்டும். அதற்கு மேல் மெல்லிய ஒரு பூச்சு. உள்ளே செருகும் ஆண் ஸ்ப்ளைன், அதை ஏற்கும் பெண் ஸ்ப்ளைன் இரண்டிலும். பள்ளத்தை நிரப்பி வழிய விட வேண்டாம். மிஞ்சியது சுற்றும்போது வெளியே தெறிக்கும், பின் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. ஒரு பக்கம் அடைத்த குழிக்குள் செருகும் ஸ்ப்ளைனில் பேஸ்ட் அதிகமானால் உள்ளே அடைபட்டு, ஷாஃப்ட் முழுதாக இறங்காமல் நிற்கும். கிளட்ச் ஸ்ப்ளைனில் இன்னும் கவனம் வேண்டும்: தெறித்தது கிளட்ச் பிளேட்டில் பட்டால் வழுக்கத் தொடங்கும், மறுபடி கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டி வரும்.

திரும்பப் பூட்டும்போது மேனுவல் சொல்லும் வரிசையில் இறுக்குங்கள். ஹோண்டா க்ரூஸர்கள் சிலவற்றில் ஃபைனல் டிரைவைப் பிடிக்கும் நட்டுகளைத் தளர்வாக விட்டு, ஆக்சிலை டார்க் ரெஞ்சில் இறுக்கியபின் அந்த நட்டுகளை இறுக்க வேண்டும். அப்போதுதான் ஹப்பும் ஃபைனல் டிரைவும் ஒரே கோட்டில் நிற்கும். வரிசை மாறினால் ஸ்ப்ளைன் கோணலாகச் செருகி நிற்கும், உலகத்திலேயே சிறந்த பேஸ்ட்டைப் பூசினாலும் அது தேயும்.

ஷாஃப்ட் முனையிலுள்ள ஸ்ப்ளைன்

இது பின்சக்கரம் கழற்றும்போது தெரியாது, ஃபைனல் டிரைவையே இறக்க வேண்டும். ஜப்பானிய பைக்குகளில் பெரும்பாலும் நான்கு நட்டுகள்தான். கழற்றியதும் ஷாஃப்டும் கூடவே வரும். இரண்டு டயருக்கு ஒருமுறையாவது இதைச் செய்வது நல்லது.

ஒற்றைக் கை ஸ்விங் ஆர்ம் வைத்த பிஎம்டபிள்யூக்களில் சக்கரம் நேராக ஃபைனல் டிரைவில் போல்ட்டால் இறுகுகிறது, அங்கே ஸ்ப்ளைனே கிடையாது. சக்கரம் உட்காரும் முகத்திலும் போல்ட்டிலும் கிரீஸ் பூசாதீர்கள், சுத்தமாகக் காய்ந்து இருக்க வேண்டும். இவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி. எத்தனை டயர் மாற்றினாலும் ஸ்ப்ளைன் கண்ணிலேயே படாது. மேலே உள்ள ரப்பர் உறையைக் கழற்றி, ஃபைனல் டிரைவைக் கீழே மடக்கினால்தான் தெரியும். உறைக்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். 2013 முதல் வந்த திரவக் குளிர்விப்பு ஜிஎஸ்களின் ஷாஃப்டுக்கு பிஎம்டபிள்யூவே பின்னாளில் 60,000 கி.மீ. என்று மாற்றும் கெடு வைத்தது. கிரீஸ் பூசிவிட்டேன் என்பதால் அந்தக் கெடுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஷாஃப்டை உருவும் முன் ஒரு விஷயம்: இரண்டு யூ-ஜாயின்ட் உள்ள ஷாஃப்ட் இரண்டு துண்டாகப் பிரியும் வகை என்றால், பிரிக்கும் முன் இரண்டு துண்டிலும் ஒரே கோட்டில் பெயின்ட் புள்ளி வையுங்கள். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் ஒரு ஜாயின்ட்டின் சுழல்வேக ஏற்ற இறக்கத்தை மற்றொன்று சமன் செய்யாது. வண்டி அதிரும், பேரிங் சீக்கிரம் போகும்.

யூ-ஜாயின்ட், வீல் பேரிங்

சுருக்கமாக முடிக்கலாம். பெரும்பாலான பைக்குகளின் யூ-ஜாயின்ட் மூடி சீல் செய்தது, கிரீஸ் நிப்பிள் இருக்காது. கையால் எல்லாப் பக்கமும் மடக்கிப் பாருங்கள். தங்கித் தங்கி நகர்ந்தாலோ, ஆட்டம் இருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். யூரல் (ரஷ்ய சைட்கார் பைக்) போல நிப்பிள் வைத்த வண்டியில் என்எல்ஜிஐ 2 லித்தியம் இபி (அதிக அழுத்தம் தாங்கும்) கிரீஸைக் கிரீஸ் கன்னில் அடியுங்கள், பழையது வெளியே வரும்வரை. கடையில் கிடைக்கும் நல்ல கம்பெனி கிரீஸ் இங்கே தாராளமாகப் போதும். இங்கே மாலி பேஸ்ட் அடிக்கவே கூடாது. ஊசி உருளைகளுக்கு எண்ணெய் வேண்டும், பேஸ்ட்டிலோ எண்ணெய் குறைவு, திடப் பொருள் அதிகம். உருளை உருளாமல் வழுக்கும்.

வீல் பேரிங்குகள் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சீல் செய்தவை, அவற்றில் கை வைக்க ஒன்றுமில்லை. திறந்த பேரிங் என்றால் லித்தியம் காம்ப்ளெக்ஸ், உள்ளே உள்ள காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. முழுக்க அடைத்தால் சூடாகும். ஸ்விங் ஆர்ம் பிவட்டுக்கும் இதே கிரீஸ். ஆக்சிலில் துருப்பிடிக்காத அளவுக்கு ஒரு மெல்லிய பூச்சு. பிரேக் காலிப்பர் ரப்பர் பக்கம் மட்டும் இவை எதுவும் போகக்கூடாது, பெட்ரோலிய கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் ஊதிவிடும்.

தேய்ந்துவிட்டால்?

ஸ்ப்ளைன் பல் ஏற்கெனவே கூர்மையாகிவிட்டால், கெட்டியான கிரீஸைத் திணித்து ஆட்டத்தை மறைக்கலாம் என்று யோசனை சொல்வார்கள். சத்தம் கொஞ்சம் குறையும், பல் வளராது. ஹப் பக்க ஸ்ப்ளைன் உள்ள தகடு மட்டும் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாமா என்று மேனுவலின் உதிரிபாகப் படத்தில் பாருங்கள். பல வண்டிகளில் அது தனியாகக் கிடைக்கும், ஃபைனல் டிரைவ் மொத்தத்தையும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஆண் பக்கமும் தேய்ந்திருந்து, புதுத் தகடு மட்டும் போட்டால், பழைய பல் புதியதைச் சீக்கிரம் தின்றுவிடும்.

ஆர்1150 மாதிரி வண்டியில் கிளட்ச் ஸ்ப்ளைன் ஒருமுறை தேய்ந்து மாற்றி, மறுபடியும் சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்தால், கிரீஸைக் குறை சொல்ல வேண்டாம். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கோட்டில் இல்லை என்று அர்த்தம். அளந்து பார்க்கத் தெரிந்த ஆளிடம் கொண்டுபோங்கள்.

பூசி முடித்தபின் ஐந்நூறு, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஹப்பின் உட்பக்கத்தையும் ரிம்மின் உள்விளிம்பையும் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெறித்திருந்தால் அதிகம் பூசிவிட்டீர்கள், அல்லது ஓ-ரிங் சரியாக உட்காரவில்லை. துடைத்துவிட்டு இன்னொரு ஆயிரம் ஓட்டுங்கள். மறுபடியும் தெறித்தால் சக்கரத்தைக் கழற்றி ஓ-ரிங்கைப் பார்க்க வேண்டியதுதான். தேதி, ஓடோமீட்டர் எண், எந்த பேஸ்ட், சதவீதம் எவ்வளவு என்று சர்வீஸ் புத்தகத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அடுத்த டயருக்கு வேறு மெக்கானிக் கழற்றும்போது, உள்ளே இருக்கும் கறுப்பு எது என்று அவர் ஊகிக்க வேண்டியிருக்காது.